உஷார்! நறுக்கி எடுத்த ஒரு பக்கம் உங்களைத் தேடி வருகிறது

இன்றோ நாளையோ உங்கள் கைபேசிக்கும் அது வரும். ஒரு படத்திலிருந்து முப்பது வினாடிக் காட்சி. இல்லையென்றால் ஏதோ ஒரு நாவலின் ஒற்றைப் பக்கம், சிவப்பு மையில் அடிக்கோடு போட்டது. கூடவே நாலு வரி: ‘நம் சாமியை இப்படிக் கேவலப்படுத்துகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கப் போகிறீர்களா? எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கள்.’ சாமி என்ற இடத்தில் நபி என்றோ இயேசு என்றோ இருக்கலாம். மற்றபடி வாசகம் மாறாது. படித்ததும் நெஞ்சு கொதிக்கும். கொதிக்க வேண்டும் என்றே அந்தத் துண்டை அந்த இடத்தில் நறுக்கியிருக்கிறார்கள். விரல் ‘ஃபார்வேர்டு’ பக்கம் போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

திருச்செங்கோட்டில் நடந்ததை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010 டிசம்பரில் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. ஊராரின் ஏச்சு, உறவுக்காரர்களின் குத்தல், அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு என்று போகும் நாவல் அது. நான்கு ஆண்டுகள் கடைகளில் இருந்தது. 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஊர் கொந்தளிக்கவில்லை. 2014 டிசம்பரில், திருவிழா இரவைப் பற்றிய சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள். அதன் பிறகுதான் எல்லாம் நடந்தது. நூலை எரித்தார்கள். 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு.

அந்த ஜெராக்ஸ் தாளை வாங்கிப் படித்த ஒரு தாயின் மனம் புண்பட்டது பொய் என்று நான் சொல்லமாட்டேன். தன் ஊரையும், தன் கோயிலையும், தன்னைப் போன்ற பெண்களின் மானத்தையும் ஒருவர் தெருவில் போட்டுவிட்டார் என்று அந்தத் தாளை மட்டும் படித்தவருக்குத் தோன்றத்தான் செய்யும். ஆனால் அவர் கையில் நாவல் தரப்படவில்லை. முன்னும் பின்னும் இல்லாத தாள்தான் தரப்பட்டது. பிள்ளை இல்லாத ஒரு பெண்ணை ஊர் எப்படிச் சித்திரவதை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அவருடைய பக்தியை வேறு யாரோ எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தாய்க்குச் செய்த முதல் துரோகம் அதுதான்.

பிறகு ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ வந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில். அடுத்த பதிப்பில் ஊர்ப் பெயரை நீக்கிவிடுகிறேன் என்று எழுத்தாளர் ஏற்கெனவே இறங்கி வந்திருந்தார். அது போதவில்லை. வருத்தம் தெரிவிக்கிறேன் என்றார், அதுவும் போதவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதித்தான் கையெழுத்து வாங்கினார்கள். விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மறுநாள், தனக்குள் இருந்த எழுத்தாளர் செத்துப்போனதாக முகநூலில் அவரே அறிவித்தார். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், தன் வாழ்நாள் முழுக்க எழுதிய கொங்கு மண்ணைவிட்டு சென்னைக்கு மாற்றல் கேட்டுப் போகும்படி ஆனது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கியது எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, அவர் மறுபடி எழுத வரவேண்டும் என்றது. வழக்குத் தொடுத்தவர்களில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் முக்கியமானவர். தீர்ப்பு வரும்வரை ஒன்றரை ஆண்டு ஒரு மனிதர் ஊமையாக்கப்பட்டிருந்தார்.

இது இந்துக்கள் மட்டும் செய்யும் காரியம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தக்கலைக் கவிஞர் எச்.ஜி. ரசூலை ஒரு கட்டுரைக்காக 2007இல் அவருடைய ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தது. ‘தி டா வின்சி கோட்’ படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடைத்த பிறகும், கிறிஸ்தவ அமைப்புகளின் எதிர்ப்பைக் காட்டி 2006 ஜூனில் தமிழக அரசு தடை போட்டது. அதன் மூலநாவலோ கடைகளில் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. மாவட்டம் மாவட்டமாக 144 தடையுத்தரவு போட்டார்கள். சில இடங்களில் வசனத்தின் ஒலியை நீக்கிய பிறகு பிப்ரவரி 7 அன்று படம் வந்தது. பிறகு தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது. மதம் மாறும், கட்சி மாறும், வழிமுறை மட்டும் மாறுவதில்லை.

இப்போது வந்திருக்கும் ஆபத்து இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. உஷார் என்று நான் கூவுவது அதற்காகத்தான்.

மேலே சொன்ன தடைகள் எல்லாம் அநியாயம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் இருந்தது. அரசாணை, 144 உத்தரவு, கையெழுத்து வாங்கிய தாள் என்று ஏதோ ஒன்று. காகிதம் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடிந்தது. ‘டா வின்சி கோட்’ தடையை நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஒன்றிரண்டு மாதத்துக்குள் ரத்து செய்தார். போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டி, சான்றிதழ் பெற்ற படத்தை முடக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லியிருக்கிறது. அதுவும் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப்பட வழக்கில். மிரட்டுகிறவனை அடக்குவது அரசின் கடமை, பேசுகிறவனின் வாயைக் கட்டுவது அல்ல என்பதுதான் அதன் சாரம்.

இனி, ‘அன்னபூரணி’க்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2023 டிசம்பர் 1 அன்று தணிக்கைச் சான்றிதழோடு தியேட்டருக்கு வந்த படம். ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் குடும்பத்துப் பெண் சமையல் கலைஞராக ஆசைப்படும் கதை. தியேட்டரில் பார்த்தவர்கள் பார்த்தார்கள், பிடிக்காதவர்கள் எழுந்து போனார்கள். டிசம்பர் 29 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ராமர் இறைச்சி உண்டதாக வரும் வசனமும், பிரியாணி சமைக்கும் முன் நாயகி தொழுகை செய்யும் காட்சியும் தனியாக நறுக்கப்பட்டு சமூக ஊடகங்களில் சுற்றின. மும்பையில் போலீஸ் புகார். ஜனவரி 11 வாக்கில் படமே காணோம். தயாரிப்பில் பங்குகொண்ட ஜீ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஜனவரி 18 அன்று நாயகியாக நடித்த நயன்தாராவும் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார்.

இங்கே எந்த நீதிபதியும் தடை போடவில்லை. எந்த ஆட்சியரும் உத்தரவு போடவில்லை. நிறுவனம் தானாக எடுத்துவிட்டது. உத்தரவே இல்லாதபோது எதை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடுவது? ஒரு ஜெராக்ஸ் கடையும், ஒரு கடையடைப்பும், ஒரு ஆட்சியர் அலுவலகமும் சேர்ந்து செய்த வேலையை இன்று ஒரு கிளிப்பும் ஒரு புகாரும் இரண்டே வாரத்தில் செய்து முடிக்கின்றன. நாளை இன்னொரு இயக்குநர் கதை சொல்லப் போகும்போது, ‘சார், இதில் சாமி, சர்ச், மசூதி எதுவும் வேண்டாமே’ என்று தயாரிப்பாளர் முதலிலேயே சொல்லிவிடுவார். அப்படி எழுதப்படாமலே போகும் கதைகளுக்கு நாம் கணக்கு வைக்கவும் முடியாது.

2022 ஜூலையில் லீனா மணிமேகலையின் ‘காளி’ படப் போஸ்டரை நினைத்துப் பாருங்கள். கனடாவில் டொரண்டோவில் திரையிட்ட படம் அது. இந்தியாவில் வழக்குப் போட்டவர்கள் கையில் இருந்தது போஸ்டர் ஒன்றுதான். அதைக் கொண்டே பல மாநிலங்களில் வழக்குகள் பதிந்தன. அடுத்த மாதம், ஆகஸ்ட் 12 அன்று, அமெரிக்காவின் ஷடாக்குவாவில் மேடையிலேயே எழுத்தாளர் சல்மான் ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். குத்தியவர் பிறகு பத்திரிகைப் பேட்டியில் சொன்னது, மத நிந்தனை என்று எதிர்க்கப்பட்ட ருஷ்டியின் நாவலில் ஏறக்குறைய இரண்டு பக்கம் படித்ததாக. அந்த நாவல் வெளிவந்தபோது அவர் பிறக்கவே இல்லை. இரண்டு பக்கம் போதுமாயிருந்திருக்கிறது.

சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பதற்காக இதையும் சொல்கிறேன். மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் பழைய 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. அது நிரூபணமாக வேண்டுமானால் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும். ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது. ஆனால் 196ஆம் பிரிவு உங்கள் மேல் பாயலாம். மதங்களுக்கிடையே பகையை மூட்டுவது அதில் குற்றம், மின்னணுத் தகவல் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. கிளிப்பை அனுப்பும்போது ‘இந்த ஆளுங்களை விடக்கூடாது’ என்று நீங்கள் சேர்க்கும் ஒரு வரி, படம் எடுத்தவரை விட உங்களைத்தான் முதலில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும். தூண்டிவிட்டவர் உங்களுக்கு ஜாமீன் எடுக்க வரமாட்டார்.

எழுதுகிறவர்களுக்கும் குறும்படம் எடுக்கிறவர்களுக்கும் தியேட்டர்காரர்களுக்கும் தனியாக ஒன்று. ‘சும்மா பேசித் தீர்த்துக்கலாம், வாங்க’ என்று அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். வழக்கறிஞரோடு போங்கள். அங்கேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தச் சட்டப் பிரிவில் கேட்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். ஒரு நூலைப் பறிமுதல் செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லி அறிவிக்கை வெளியிட்டுத்தான் செய்ய முடியும். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அந்த வழியை நீங்களே அடைத்துக்கொள்ளாதீர்கள்.

பக்தி உள்ளவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். உங்கள் கோபத்துக்கு உங்களுக்கு உரிமை உண்டு. படம் பிடிக்கவில்லையா, பார்க்காதீர்கள், பார்க்க வேண்டாம் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள், மறுப்பு எழுதுங்கள், அனுமதி வாங்கி ஆர்ப்பாட்டம் செய்யுங்கள், வழக்குப் போடுங்கள். அத்தனைக்கும் முன்னால், துண்டை அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முழுசாப் பார்த்தீங்களா, படிச்சீங்களா?’ இல்லை என்றால் அது உங்களோடு நிற்கட்டும். ‘மாதொருபாகன்’ இன்றும் கடையில் கிடைக்கிறது. வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத் திட்டுங்கள்.