தண்ணீர் கேனும் முதுகும்: ஒரு வேலையை அளந்து பார்ப்பது எப்படி?

ஒரு வேலை ஆளின் முதுகைக் கெடுக்குமா என்று, கெடுவதற்கு முன்னாலேயே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும் என்கிறது எர்கனாமிக்ஸ், அதாவது பணிச்சூழலியல். அதற்கென்று சில கணக்குகளும் மதிப்பெண் தாள்களும் இருக்கின்றன. கொஞ்ச நாளாக இவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைக் காகிதத்திலேயே விடாமல், எங்கள் அலுவலகத்தில் தினமும் நடக்கும் ஒரு வேலையில் போட்டுப் பார்த்தேன்: 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்ப்பது. அலுவலக உதவியாளர் அண்ணன் ஒரு நாளைக்கு ஆறு கேன் மாற்றுகிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. "நமக்கு இது பழகிப்போச்சு தம்பி" என்பார். ஆனால் கேனை வைத்துவிட்டு நிமிரும்போது இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.

பாரம் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" சட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் யோசித்திருக்கின்றன. 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரையில், வயது வந்த ஆண் சுமக்கும் பாரத்துக்கு 55 கிலோ என்று ஒரு வரம்பு இருக்கிறது. கேன் கிட்டத்தட்ட 21 கிலோ. அந்தக் கணக்கில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

ஆனால் முதுகுக்குக் கிலோ தெரியாது. அதற்குத் தெரிந்தது நெம்புகோல் மட்டும்தான். முதுகெலும்பின் அடிவட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி முதுகுத் தசைகள் இழுக்கின்றன. பாரம் அந்த வட்டுக்கு 40 செ.மீ. முன்னால் இருந்தால், ஈடுகட்டத் தசை எட்டு மடங்கு இழுக்க வேண்டும். 21 கிலோ கேனுக்கு 168 கிலோ இழுவை. குனிந்திருக்கும் உடம்பின் பாரம் இதில் சேரவில்லை. இந்த இழுவை முழுக்க அந்த ஒரு வட்டின் மேல்தான் அழுத்தமாக இறங்குகிறது.

இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிற சூத்திரம்தான் நையாஷ் தூக்குச் சமன்பாடு. நையாஷ் என்பது அமெரிக்க அரசின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனம். முதலில் 1981-ல் வெளியிட்டார்கள்; 1991-ல் திருத்தினார்கள். வட்டின் மேல் 3,400 நியூட்டனுக்கு (சுமார் 347 கிலோ எடைக்குச் சமம்) மேல் அழுத்தம் போகக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

சூத்திரம் பார்க்கப் பயமுறுத்தும், உள்ளே இருப்பது வெறும் பெருக்கல். எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ தூக்கலாம் என்று ஆரம்பிக்கிறது. பிறகு ஒவ்வொரு சங்கடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே போகிறது. கணுக்காலிலிருந்து கை எவ்வளவு முன்னால் இருக்கிறது, கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு உயரம் தூக்குகிறோம், இடுப்பைத் திருப்புகிறோமா, நிமிடத்துக்கு எத்தனை தடவை, பிடிமானம் எப்படி. ஆறே கேள்விகள். கடைசியில் கிடைப்பது, அந்த இடத்தில் அந்த விதத்தில் தூக்கத்தக்க எடை. உண்மையான எடையை அதால் வகுத்தால் ஓர் எண் வரும். 1-க்குள் இருந்தால் பரவாயில்லை. ஏற ஏற ஆபத்து.

டேப் எடுத்து அளந்தேன். கேனைத் தரையிலிருந்து தூக்கும்போது ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில். இரண்டுக்கும் நடுப்புள்ளி தரையிலிருந்து 30 செ.மீ., கணுக்காலிலிருந்து 40 செ.மீ. முன்னால். வைக்கும் இடத்தில் உயரம் 110 செ.மீ. தூக்கும் தூரம் 80. கேனுக்குக் கைப்பிடி கிடையாது, ஈரமாகவும் இருக்கும், பிடிமானம் மோசம்.

முன்னால் இருக்கும் தூரத்துக்கு 25-ஐ 40-ஆல் வகுக்க வேண்டும்: 0.625. உயரத்துக்கு 0.865 (75 செ.மீ. உயரம்தான் நல்லது, அதிலிருந்து விலக விலகக் குறையும்). தூக்கும் தூரத்துக்கு 0.876. பிடிமானத்துக்கு 0.9. இடுப்புத் திருப்பமும் இல்லை, வேகமும் இல்லை என்பதால் மற்ற இரண்டும் 1. எல்லாவற்றையும் 23-ஓடு பெருக்கினால் வருவது 9.8 கிலோ. தூக்குவது 21 கிலோ. எண்: 2.14.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. கேனை டிஸ்பென்சர் மேல் "டொம்" என்று போட முடியாது. வாய் சரியாகப் பொருந்த வேண்டும், தண்ணீர் கொட்டக் கூடாது. இப்படி நிதானமாக இறக்கி வைக்கிற வேலைக்குக் கடைசி நிலையையும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அங்கே கை 45 செ.மீ. முன்னால் நீண்டிருக்கிறது. எண் 2.33. அதாவது தூக்குவதைவிட வைப்பது மோசம். கவிழ்க்கும்போது மணிக்கட்டும் தோளும் படும் பாட்டைச் சூத்திரம் பார்ப்பதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நிவாரணம். வழக்கமாகச் சொல்வது, "முழங்காலை மடக்கித் தூக்குங்க" என்கிற பாடம். 2008-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பது முதுகுவலியைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. இன்னொன்று இடுப்பு பெல்ட். சில்லறைக் கடைகளில் வேலை பார்க்கும் 9,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நையாஷ் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இந்தப் பாடத்தின் மேல் வேறொரு கோபமும் உண்டு. நாளைக்கு அந்த மனிதருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், "சொல்லிக்கொடுத்தோமே, ஒழுங்காத் தூக்கத் தெரியல" என்று பழி அவர் தலையில் விழும்.

சூத்திரத்தின் அருமை இங்கேதான். எந்த மாற்றம் எவ்வளவு உதவும் என்று செலவு செய்வதற்கு முன்பே பார்த்துவிடலாம். கேனை 45 செ.மீ. உயர ஸ்டூலில் வைத்து, உடம்போடு ஒட்டி (34 செ.மீ.) எடுத்தால் ஆரம்ப எண் 2.14-லிருந்து 1.45-க்கு இறங்குகிறது. அருமை! ஆனால் கடைசி நிலையில் 2.15. கிட்டத்தட்ட அப்படியேதான் நிற்கிறது. ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு "எர்கனாமிக்ஸ் பண்ணிட்டோம்" என்று திருப்திப்பட்டிருப்போம். கேனைக் கவிழ்க்கிறவரை இந்தச் சிக்கல் தீராது. சில நூறு ரூபாய்க்கு கேன் வாயில் மாட்டும் சார்ஜ் பம்ப் கிடைக்கிறது. கேன் தரையிலேயே இருக்கும், தண்ணீர் மேலே வரும். தூக்குவதே இல்லாமல் போய்விட்டது. மேலாளரிடம் நான் காட்டியது இரண்டே எண்கள்தான். மறுநாளே பம்ப் வந்தது.

அதற்காக இந்த எண்ணைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2.14-க்கும் 2.0-க்கும் பெரிய அர்த்தம் இல்லை. டேப்பை ஓர் அங்குலம் நகர்த்தினால் மாறிவிடும். ஒரே வேலையின் இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது நன்றாக உதவுகிறது.

அதைவிடப் பெரிய குறை, சூத்திரத்தால் பார்க்கவே முடியாத வேலைகள். கேன் எங்கள் மாடிக்கு எப்படி வருகிறது? டெலிவரி தம்பி தோளில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூன்று மாடி ஏறி வருகிறார். ஒரு கையால் தூக்குவது, சுமந்து நடப்பது, படி ஏறுவது எதற்கும் நையாஷ் சமன்பாடு பொருந்தாது; அதன் கையேடே அப்படித்தான் சொல்கிறது. நாம் சுலபமாக அளந்த வேலை கடினமான வேலை அல்ல என்று இங்கே உறைக்கிறது.

சரி, ரீபா இருக்கிறதே என்று எடுத்தேன். 2000-ல் ஹிக்னெட், மெக்காட்டம்னி இருவரும் வெளியிட்ட மதிப்பெண் தாள். கழுத்து, முதுகு, கால், கை எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பாரத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் 10 கிலோவுக்கு மேல் போனால் எல்லாவற்றுக்கும் ஒரே 2 மதிப்பெண்தான்! 11 கிலோவும் 50 கிலோ சிமெண்ட் மூட்டையும் அதற்கு ஒன்று. ஒரு மாடியா மூன்று மாடியா என்றும் கேட்காது.

மிச்சம் இருப்பது ஆளையே கேட்பது. உடம்புப் படம் ஒன்றைக் காட்டி, கடந்த 12 மாதத்தில் எங்கே வலித்தது, கடந்த 7 நாளில் எங்கே வலித்தது என்று கேட்கும் நார்டிக் வினாத்தாள் 1987-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தம்பியிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நம்பலாம். ஆனால் அவருக்கு முன்னால் கேன் போட்டவர் ஏன் நின்றுவிட்டார் என்று கேட்டதற்கு, "அவருக்கு முட்டி போயிருச்சுண்ணே" என்றார். வலி வந்தவர் வேலையை விட்டுப் போய்விடுவார். தாங்குகிறவர் மட்டுமே இருப்பார். இருப்பவரிடம் மட்டும் கேட்டால் வேலை பத்திரமானது என்றுதான் பதில் வரும்.

கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. கதவில் "பொருட்கள் ஏற்றக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தரை கீறிவிடுமாம், ஈரமாகிவிடுமாம். ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் முடிகிற விஷயம். செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார்.