பழைய வண்டி வாங்கப் போறீங்களா? முதலில் ஆர்.சி.யைப் படிங்க!



காய்கறி, பால் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் பலர், "சொந்தமா ஒரு குட்டியானை இருந்தா வாடகைக் காசு மிச்சமாகுமே" என்கிறார்கள். நல்ல யோசனைதான். புது வண்டி வாங்க வசதி இல்லாததால் பழைய வண்டி தேடுகிறோம். அதிலும் தப்பில்லை. ஆனால் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.

நான் போகும் ஊரில் ஒரு அக்கா குழுவில் கடன் வாங்கி வண்டி எடுத்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. புரோக்கர் அவசரப்படுத்த, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். நாலாவது மாதம் பைனான்ஸ்காரர்கள் வந்து, "பழைய ஓனர் தவணை கட்டலை" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி போச்சு, குழுக் கடன் மட்டும் நின்றது. ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை!

ஆகவே முதலில் காகிதம், பிறகு வண்டி, கடைசியில்தான் பணம்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

• விற்பவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா?

• என்ஜின் எண், சேஸ் எண் இரண்டும் வண்டியில் உள்ளபடி இருக்கிறதா?

• பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றும் அவர்கள் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் கட்டாயம் வேண்டும்.

• எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எந்தத் தேதி வரை? போலீஸ் அபராதம் பாக்கி உண்டா? 'எம்பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் கேளுங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை

• காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். செலவு பெரிது.

• ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வேண்டாம்.

• குனிந்து அடிப்பக்கத் துருவைப் பாருங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

• கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைக்க முடியும். பெடல் ரப்பரின் தேய்மானம் உண்மையைச் சொல்லும்.

• பாரம் ஏற்றி, மேட்டில் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், புரோக்கர் ஆளாக வேண்டாம்.

வாங்கிய பிறகு

29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள்தான் கெடு. கடன் கேட்கும்போதே இந்தச் செலவையும், டயர், எஃப்.சி. செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

"தெரிஞ்ச மனுஷர்தானே, ஏமாத்துவாரா?" என்று இருந்துவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. நகலைக் குழுக் கூட்டத்தில் வைத்து உரக்க வாசியுங்கள். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். அது ஒருவர் பணமல்ல, நம் எல்லோருடைய சேமிப்பு!