நீரின் கரைக்கும் ஆற்றலும் குடாநாட்டுக் கிணறுகளும்

நீரின் இரசாயனம் நம்மவரிடையே பெரும்பாலும் பரீட்சைக்குரிய பாடமாகவே நின்றுவிடுகின்றது. வற்றாத ஆறு எதுவுமற்ற, சுண்ணக்கற் பாறைகளிடையே தேங்கும் தரைக்கீழ் நீரையே நம்பிவாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்பாடத்தை நாம் கிணற்றடியிலிருந்து படிப்பது தகும்.

நீர் மூலக்கூறில் ஒட்சிசனுடன் இணைந்த இரு ஐதரசன் அணுக்களும் ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால் ஒருபுறம் மறையேற்றமும் மறுபுறம் நேரேற்றமும் சிறிதளவு தோன்றுகின்றன. இம்முனைவுத்தன்மையால் ஒரு மூலக்கூறின் ஐதரசன் அயல் மூலக்கூறின் ஒட்சிசனுடன் பிணைகின்றது. நீரையொத்த அமைப்புடைய ஐதரசன் சல்பைட்டு -60 பாகை செல்சியசிலேயே கொதித்துவிட, நீர் 100 பாகை வரை திரவமாக நிலைப்பது இந்த ஐதரசன் பிணைப்பினாலாகும். உயர்ந்த தன்வெப்பக் கொள்ளளவும் வியர்வையால் உடல் குளிர்வதும் இதன் பேறுகளே. பனிக்கட்டி மிதப்பதையும் இதனோடு சேர்த்துக் கூறுவர். குளங்கள் உறையாத நம் நாட்டில் அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமக்கு முதன்மையானது கரைக்கும் ஆற்றலாகும். எதிரெதிர் அயன்களிடையிலான கவர்ச்சியை நீர் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகக் குறைத்து, ஒவ்வோர் அயனையும் தன் மூலக்கூறுகளாற் சூழ்ந்துகொள்கின்றது. குருதியிற் சோடியமும் பயிரின் வேரிற் பொற்றாசியமும் இயங்குவது இவ்வாறே. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லை அரிக்கின்றது. நிலாவரை போன்ற ஆழ்குழிகள் அவ்வரிப்பின் விளைவுகள். நம் கேத்தல்களில் வெண்மையாகப் படிவதும் அவ்வாறு கரைந்த சுண்ணக்கல்லே.

ஆனால் நீருக்கு நன்மை தீமை தெரியாது. செம்மண்ணின்மேல் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடப்படும் யூரியா மண்ணில் அமோனியமாகவும், பின் பற்றீரியங்களால் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. களித்துணிக்கைகள் மறையேற்றமுடையவை. எனவே அவை நேரேற்ற அமோனியத்தைப் பற்றிக்கொண்டு, மறையேற்ற நைத்திரேற்றைக் கைவிடுகின்றன. பயிர் உறிஞ்சாது எஞ்சியது பாசன நீரோடு சுண்ணக்கல் வெடிப்புகளினூடாகக் கிணற்றை அடைகின்றது. மாட்டெருவும் மலசலகூடக் குழிகளும் தருவது இதே அயனைத்தான். சேதனப் பசளையாயின் கேடில்லை என்னும் எண்ணத்துக்கு இரசாயனத்தில் ஆதாரமில்லை. 2021 இல் அசேதனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டிலேயே தடை கைவிடப்பட்டபோது இழப்பைச் சுமந்தவர் சிறு விவசாயிகள். எவ்வளவு பசளை, எப்போது, எவ்வளவு நீருடன் என்னும் வினாக்களை அத்தடை தொடவேயில்லை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வகுத்துள்ளது. இவ்வெல்லை பாற்புட்டிக் குழந்தைகளை முன்னிறுத்தி எழுந்தது. குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாகின்றது; அது ஈமோகுளோபினிலுள்ள இரும்பை ஒட்சியேற்றி, ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கச் செய்கின்றது. குழந்தை நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் வைத்தியர் இதனைக் கிணற்று நீருடன் தொடர்புபடுத்தி 1945 இல் எழுதினார். நீரைக் கொதிக்க வைத்தல் இங்கு உதவாது என்பதை ஒவ்வொரு தாயும் அறிதல் வேண்டும். கொதிக்கையிற் கிருமிகள் அழியும், சுண்ணம் படியும். நைத்திரேற்றோ ஆவியாகாது, படியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

மறுபுறம் உவர்நீர். கடல்நீரைவிட அடர்த்தி குறைந்த நன்னீர் அதன்மேல் வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறையின் கீழே 40 அடி இழக்கப்படும். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. மிகையாக இறைக்கப்பட்ட நீர் நைத்திரேற்றைக் கழுவிக்கொண்டு மீண்டும் அதே கிணற்றுக்கு இறங்குகின்றது.

நைத்திரேற்றை நீக்க மென்சவ்வினூடே அழுத்தத்தால் நீரைச் செலுத்தும் பொறிகள் உள. வசதியுள்ளோர் அந்நீரை வாங்குகின்றனர். தோட்டக் கூலியாளின் வீட்டிற் குழந்தைக்குப் பால்மா கரைக்கப்படுவது கிணற்று நீரிலேதான். அக்கிணறுகளின் நீரைப் பருவந்தோறும், சிறப்பாக மாரி மழைக்குப் பின்னர், சோதித்து அளவுகளை ஊரறிய அறிவித்தல் பெருஞ்செலவு வேண்டாத பணியாகும். நமது பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் அதனை ஏற்றுச் செய்யலாம்.