நந்தி ஆறும் கரையோரக் கிணறும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்கள் சரவணப் பொய்கையில் கால் நனைத்துவிட்டு மலையேறுவார்கள். ஊரை ஒட்டிக் கிடக்கும் நந்தி ஆற்றைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆண்டில் பல மாதம் அதில் மணல்தானே கிடக்கிறது!

ஆறு ஏன் வற்றியது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைக் காட்டுவார்கள். நீரியலாளர் கரையோரக் கிணற்றை எட்டிப் பார்ப்பார். சுண்ணக்கட்டி தேய்த்த இரும்பு டேப்பைக் கிணற்றுக்குள் விட்டு மேலே இழுத்தால், நனைந்த இடம்வரை சுண்ணாம்பு நிறம் மாறியிருக்கும். அதைக்கொண்டு கிணற்று நீர் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று கணக்கிட்டு, ஆற்று நீர் மட்டத்தோடு ஒப்பிடுவார். கிணற்று மட்டம் உயர்ந்திருந்தால் நிலத்தடி நீர் ஆற்றுக்குக் கசிகிறது. மழை விட்டுப் பல வாரமான பிறகும் ஆறு ஓடுவது இந்தக் கசிவால்தான். மட்டம் தாழ்ந்திருந்தால் ஆற்று நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். மட்ட வித்தியாசம் கூடக்கூட மணலுக்குள் நீரோட்டமும் கூடும் என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-லேயே எழுதிவைத்தார்.

திருத்தணிப் பக்கம் அடியில் கடினப்பாறை. மேலே சிதைந்த பாறைப் படலத்திலும் விரிசல்களிலும்தான் நீர் தங்கும். வடகிழக்குப் பருவமழையில் சட்டென்று நிரம்பும், கோடையில் சட்டென்று வற்றும். அங்கே நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு போர்வெல் போட்டு இறைத்தால் நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்கும் கீழே போய்விடும். அப்புறம் வெள்ளம் வந்தாலும் நாலு நாள் கூத்துதான்.

நந்தி ஆறு சேரும் கொசஸ்தலையின் கீழ்ப்பகுதியில் இப்படி இறைப்பதன் விலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். மீஞ்சூர் வட்டாரத்து மணற்படுகையிலிருந்து சென்னைக்கும் ஆலைகளுக்கும் இறைத்ததில் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கியது, கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969-இல் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர்வரை இருந்த உவர்ப்பு, 1983-இல் 9 கிலோமீட்டரை எட்டியது. இறங்கிய மட்டத்தை உயர்த்தவும் வழி உண்டு: பக்கத்து ஆரணி ஆற்றில் பாலேஸ்வரம் தடுப்பணையை ஒட்டிய கிணறுகளை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தபோது, தேங்கிய நீர் கீழே இறங்கி நீர்மட்டத்தை உயர்த்துவது தெரிந்தது.

ஆனால் சட்டம் இன்னும் ஆற்றையும் நிலத்தடி நீரையும் பிரித்தே பார்க்கிறது. ஆறு அரசுக்கு, நிலத்தடி நீரோ, 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, நிலக்காரருக்கு. ஒரே நீருக்கு இரண்டு கணக்கு எழுதினால் இரண்டும் பொய்க்கணக்காகத்தான் முடியும். போதாக்குறைக்குக் கொசஸ்தலைக்கு நீர் கொண்டுவரும் நகரி ஆறு ஆந்திரத்திலிருந்து வருகிறது. அளவெடுப்பு எல்லைக்கு இருபுறமும் நடந்தாக வேண்டும்.

திருத்தணிக்காரர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும் உங்கள் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.