மரபணு திருத்தம்: வெட்டும் கத்தரியை எப்போது நிறுத்துவது?

அன்னாசித் தோட்டத்தில் எல்லாச் செடிகளும் ஒரே சமயத்தில் பூக்க, குருத்தில் எத்தரல் கரைசலை ஊற்றுவது விவசாயிகளுக்குப் பழக்கமான வேலை. மாவில் முன்கூட்டியே பூ எடுக்க, வேர்ப்பகுதியில் பேக்லோபியூட்ராசால் ஊற்றுகிறார்கள். பூப்பது செடியின் வேலை. எப்போது பூக்க வேண்டும் என்பதை மட்டும் மருந்து சொல்கிறது.

இதே யோசனையைச் செல்லுக்குள் நடக்கும் மரபணு திருத்தத்துக்கும் விஞ்ஞானிகள் கொண்டுவந்திருக்கிறார்கள். இது கைகூடினால், நெல்லைவிட வாழை, கரும்பு, மரவள்ளி போன்ற பயிர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

கத்தரி உள்ளேயே தங்கிவிடும்

மரபணு திருத்தத்துக்குப் பயன்படும் கிரிஸ்பர் முறையை 2012-ல் வெளியிட்டதற்காக, எமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் 2020-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் இரண்டு பாகங்கள். ஒன்று, டி.என்.ஏ.வில் எந்த இடம் என்று காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. மற்றொன்று, அந்த இடத்தில் வெட்டும் ‘கேஸ்-9’ என்ற புரதம். வெட்டுப்பட்ட இடத்தைச் செல் தானாக ஒட்டிக்கொள்ளும்போது சிறு பிழை விழும். அந்தப் பிழையால் குறிப்பிட்ட மரபணு செயலிழந்துவிடும்.

பயிர்களில் இதைச் செய்ய, கத்தரியைத் தயாரிக்கும் மரபணுவையே செடியின் டி.என்.ஏ.வில் சேர்ப்பதுதான் வழக்கமான முறை. சிக்கல் இங்கேதான். வேலை முடிந்த பிறகும் செடி கத்தரியைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். திருத்தம் விழுந்த இடத்தில் அதற்கு இனி வேலை இல்லை. ஆனால், அதே மாதிரி எழுத்து வரிசை வேறு எங்காவது இருந்தால், அங்கேயும் வெட்டக்கூடும். நாள் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடும்.

நெல்லுக்கு வழி இருக்கிறது

2025 மே 4-ம் தேதி, மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் இரண்டு மரபணு திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, நம் ஊரில் ‘பிபிடி’ என்று சொல்லும் சம்பா மசூரியிலிருந்து ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘டி.ஆர்.ஆர் தான் 100’ என்ற கமலா. மற்றொன்று, எம்.டி.யு 1010 ரகத்திலிருந்து டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘பூசா டி.எஸ்.டி ரைஸ் 1’. கமலா, தாய் ரகத்தைவிடச் சுமார் 20 நாள்கள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்பது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தகவல்.

நெல்லில் கத்தரியை வெளியேற்றுவது எளிது. நெல் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். கத்தரி மரபணு ஓரிடத்தில் மட்டும் சேர்ந்திருந்தால், அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செடிகளில் அது இருக்காது. அவற்றில் திருத்தம் மட்டும் நிலைத்த செடிகளைச் சோதித்துப் பிரித்தெடுத்துப் பெருக்குகிறார்கள்.

சட்டப்படியும் இது முக்கியம். வெளி டி.என்.ஏ இல்லாத சில வகைத் திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான விதிகளிலிருந்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. கத்தரி மரபணு உள்ளே இருந்தால் அந்த விலக்கு கிடையாது.

வாழையில் என்ன செய்வது?

மொகாலியில் உள்ள தேசிய வேளாண் உணவு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம், ‘ஜி-9’ வாழையில் ஒரு மரபணுவைத் திருத்தி, பழத்தில் பீட்டா கரோட்டின் அளவைக் கூட்டியதாக 2020-ல் வெளியிட்டது. ஆக, வாழையிலும் திருத்த முடியும். ஆனால், ஜி-9 பழத்தில் விதை இல்லை. பக்கக்கன்றும் திசு வளர்ப்புக் கன்றும் தாயின் நகல்கள்தான். தாயில் இருக்கும் கத்தரி கன்றிலும் இருக்கும். கரும்பும் மரவள்ளியும் பூத்து விதை பிடித்தாலும், விதைக்கன்று தாய் ரகத்தின் குணத்தை அப்படியே கொண்டிருக்காது. அதனால்தான் கரணையில் நடுகிறோம்.

கத்தரிப் புரதத்தை நேரடியாகச் செல்லுக்குள் செலுத்தும் முறையும் உண்டு. ஆனால், அந்த ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுப்பது பல பயிர்களில் பெரும்பாடு.

வேதிப்பொருள் என்னும் சாவி

நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நாம்-ஹாய் சுவா குழுவினர் 2000-ல் ஒரு பூட்டு-சாவி ஏற்பாட்டை வெளியிட்டார்கள். எஸ்ட்ரடயால் என்ற ஹார்மோன் பட்டால் மட்டுமே குறிப்பிட்ட மரபணு வேலை செய்யும், படாதவரை உறங்கும். இதை உணரும் பாகம் மனித உடலிலிருந்து எடுத்த மாதிரி. செடிகளில் அப்படி ஒன்று இயல்பாக இல்லாததால், செடியின் மற்ற வேலைகளில் குறுக்கீடு குறைவு.

அடுத்த ஆண்டே இக்குழு, எஸ்ட்ரடயால் பட்டதும், செடியில் சேர்த்த மரபணுத் துண்டு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வெளியேறும்படி அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் செய்துகாட்டியது. 2020-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகம், இதே சாவியைக் கிரிஸ்பர் கத்தரிக்குப் பொருத்தியது. சில மரபணுக்கள் இல்லாவிட்டால் கரு விதைக்குள்ளேயே செத்துவிடும். அவற்றைச் செடி வளர்ந்த பிறகு, விரும்பிய நேரத்தில் திருத்திப் பார்க்க இது வழிசெய்தது.

இவை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாழைக்கான வழி புலப்படும். திசு வளர்ப்புக் குடுவையில் திருத்தம் முடிந்ததும் மருந்தைக் கொடுக்க வேண்டும்; கத்தரி மரபணு வெளியேற வேண்டும்; சுத்தமான கன்றைச் சோதித்து எடுக்க வேண்டும். தடைகளும் உண்டு. மருந்து எல்லாச் செல்களையும் ஒரே அளவில் எட்டாது. ஒரே கன்றில் சில செல்களில் கத்தரி நீங்கியும், சிலவற்றில் நீங்காமலும் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு கன்றையும் சோதிக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு எழும் கேள்விகள்

இந்த மருந்தை வயலில் தெளிக்க வேண்டுமா?
வேண்டாம். இது ஆய்வுக்கூடக் குடுவைக்குள் முடிகிற வேலை. ‘ஜீனை மாற்றும் டானிக்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

திருத்திய ரகத்தின் விதையை எடுத்து வைக்கலாமா?
திருத்தம் நிலைத்த நெல் ரகத்தில், மற்ற நெல்லைப் போலவே அந்தக் குணம் விதை வழியாகத் தொடரும். எடுத்து வைக்கும் உரிமை இந்தியச் சட்டப்படி விவசாயிக்கு உண்டு; ஆனாலும், காப்புரிமை நிபந்தனைகள் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். கிரிஸ்பர் தொழில்நுட்பத்துக்கு வெளிநாட்டுக் காப்புரிமைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டியும், மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்க்கும் அமைப்புகள் இந்த நெல் ரகங்களைத் திரும்பப் பெறச் சொல்கின்றன. நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கன்று வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?
நாளை திருத்திய வாழைக்கன்று விற்பனைக்கு வந்தால், ‘கத்தரி மரபணு இல்லை என்ற சோதனைச் சான்று இருக்கிறதா, எந்தக் கூடத்தில் சோதித்தது?’ என்று கேளுங்கள். கன்றில் கத்தரி தங்கியிருந்தால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு பக்கக்கன்றிலும் அது தொடரும்.