ஒரு மலை, இரண்டு ஆறுகள்

மலையடி வழிகள் – 9

ஐப்பசி பிறந்துவிட்டால் கொடை ரோட்டில் நான்குவழிச் சாலையை விட்டு மேற்கே திரும்பும் கார்கள் கூடிவிடும். நிலக்கோட்டையையும் வத்தலக்குண்டையும் கண்ணாடியைக்கூட இறக்காமல் கடந்து, காட்ரோட்டில் மலையேறி, மதியச் சாப்பாட்டுக்குள் கொடைக்கானல் ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். அந்த ஏரி அழகான ஏரிதான். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை கட்டி உண்டாக்கினார். ஆனால் மழை மாதங்களில் ஊரே மேகத்துக்குள் இருக்கும். படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரை தெரியாத நாட்களே அதிகம்.

பழனிமலையை முழு உருவத்தில் பார்க்க வேண்டுமென்றால் அதன் காலடியில் நிற்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், ஏதாவதொரு கண்மாய்க் கரையிலோ அணைக்கரையிலோ நின்றால் முன்னால் தண்ணீர், அதற்கப்பால் தென்னை, அதற்கு மேலே மலை, மலையின் மடிப்புகளில் புதிதாகப் பிறந்த அருவிகள் என்று எல்லாம் ஒரே பார்வையில் அகப்படும். நிலக்கோட்டையில் புறப்பட்டு அணைப்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, அய்யம்பாளையம், ஆத்தூர், செம்பட்டி என்று சுற்றி மறுபடி நிலக்கோட்டைக்கே வந்து சேரும் பாதையில் இப்படிப்பட்ட இடங்கள் வரிசையாக இருக்கின்றன. காரிலோ பைக்கிலோ ஒரு பகலில் சுற்றிவிடலாம். தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் வண்டி ஓட்டிப் போக இதைவிட நல்ல வட்டம் அதிகம் இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டி, டூலூத் நகரிலிருந்து கனடா எல்லை வரை 61ஆம் எண் சாலை போகிறது. செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவப்பதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் குடும்பத்தோடு அங்கே கிளம்பிவிடுவார்கள். அது உதிரப்போகும் இலையின் நிறம். நம் பக்கத்தில் அதே பருவத்தில் நடப்பது துளிர்ப்பு. தென்மேற்குப் பருவமழையை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்வதால் ஆனி, ஆடியில் இந்தச் சமவெளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்று மட்டுமே. செம்மண் தெரியக் கிடக்கும் கரடுகள் வடகிழக்குப் பருவமழைக்குத்தான் பச்சை பிடிக்கும். வங்கக்கடலிலிருந்து வரும் மேகம் பழனிமலையின் கிழக்குச் சரிவில் முட்டி இறங்கும்போதுதான் மஞ்சளாறு, மருதாநதி, குடகனாறு மூன்றுக்கும் உயிர் வரும்.

விடியும் முன்பே நிலக்கோட்டைக்கு வந்துவிடுங்கள். பூ மார்க்கெட்டைப் பார்க்காமல் இந்தப் பயணத்தைத் தொடங்கக்கூடாது. மல்லிகை, முல்லை, ஜாதிப்பூ, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி, கோழிக்கொண்டை என்று சுற்றுவட்டாரக் கிராமங்களின் தோட்டங்களெல்லாம் மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. ஐப்பசிக்குப் பிறகு குளிரும் பனியும் ஏற ஏற மல்லிகை வரத்து குறைந்துகொண்டே போகும். விலை ஏறிக்கொண்டே போகும். கார்த்திகை முகூர்த்த நாட்களில் ஒரு கூடை மொட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே அது புரியும். நனைந்த மொட்டைத் தராசில் கொட்டுவதற்கு முன் வியாபாரி ஒரு கை அள்ளி விரல்களை மெல்ல மூடித் திறப்பார். ஈரம் எவ்வளவு, மொட்டு எவ்வளவு என்று கைக்கே தெரியும். விடியலுக்கு முன் மழையில் நின்று பறித்த அந்த அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மார்க்கெட்டிலிருந்து நேரே தெற்கே, அணைப்பட்டி. வைகைக்கரையில் ஆஞ்சநேயர் கோயில் உள்ள ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். அதன் அருகில் வைகைக்குக் குறுக்கே நிற்கும் பேரணைக்காகவே நான் இங்கே நிற்கச் சொல்வேன். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கவேண்டிய பெரியாற்றை பென்னிகுக் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது 1895இல். வைகை அணை வந்தது 1959இல். இடைப்பட்ட அறுபத்து நான்கு ஆண்டுகள், மலையிறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்த தண்ணீரை மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திருப்பிய இடம் இந்தப் பேரணைதான். இன்றும் கால்வாய் புறப்படுவது இங்கிருந்துதான்.

கால்வாய் திறந்திருக்கும் நாளில் தலைமதகுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். ஆற்றில் விரிந்து சோம்பலாக வந்த தண்ணீர் ஷட்டருக்கு அடியில் நுழைந்ததும் தடித்துத் திரண்டு, செம்பழுப்பு நிறத்தில் சத்தத்தோடு பாயும். அது போகும் தூரத்தை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்: வாடிப்பட்டி, மதுரை வடக்கு, கள்ளந்திரி, மேலூர். கள்ளந்திரி வரையிலான இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். அதில் வாடிப்பட்டி வட்டத்துக்கு 16,452 ஏக்கர், மதுரை வடக்கு வட்டத்துக்கு 26,792 ஏக்கர். அணையைத் தன் மண்ணில் தாங்கி நிற்கும் நிலக்கோட்டை வட்டத்துக்கு 1,797 ஏக்கர். தண்ணீருக்கு மட்டப்படிதான் வழி என்பது உண்மைதான். ஆனாலும் இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகு, நிலக்கோட்டைக்காரர் ஐப்பசி வானத்தை அண்ணாந்து பார்க்கும் பார்வையே வேறாகத் தெரியும். அவர் ஊர்க் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் இந்த மழைதான் கதி.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பேரணைப் பக்கம் ஆற்றில் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் மணற்குழியும் சுழலும் உண்டு. குளிக்க இறங்கிய இளம்பிள்ளைகள் பலரை இந்த ஆறு கொண்டுபோயிருக்கிறது.

திரும்பி நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு. ஒரு சிற்றூர் தமிழுக்கு இத்தனை பேரைக் கொடுக்க முடியுமா என்று வியக்க வைக்கும் ஊர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமய்யர், சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையா, ‘எழுத்து’ பத்திரிகையை நடத்திய சி.சு. செல்லப்பா நால்வருக்கும் இது சொந்த ஊர். ராஜமய்யர் 1898இல், இருபத்தாறு வயதில் போய்விட்டார். இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தால் தமிழ் நாவல் எங்கே போயிருக்கும் என்று இந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் மனசு கேட்கும்.

வத்தலக்குண்டிலிருந்து மேற்கே போவது திண்டுக்கல்–தேனி–குமுளி தேசிய நெடுஞ்சாலை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் இரவு பகலாக ஓடும் சாலை. வேகம் வேண்டாம். வலப்பக்கம் மலை கூடவே வரும். காட்ரோட்டில் கொடைக்கானல் வண்டிகள் பிரிந்து மேலே போகட்டும். நாம் கெங்குவார்பட்டியைத் தாண்டித் தேவதானப்பட்டிக்குப் போவோம். மலைப்பாதையில் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எல்லோரும் பார்ப்பார்களே, எலிவால் அருவி என்கிற தலையாறு அருவி, அது விழுவது மஞ்சளாற்றின் தலைமாட்டில்தான். 975 அடி உயரம். வானம் வெளுத்த காலையில் கீழே இருந்து பார்த்தாலும் மலைமுகத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்பதைப் பார்த்தே அணைக்கு வரத்து எப்படி என்று இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் சொல்லிவிடுவார்கள்.

மஞ்சளாறு அணை 57 அடி. 55 அடியைத் தொட்டதும் வரும் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்த அறிவிப்பு வந்தால் வத்தலக்குண்டு வரை கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை. அணைக்குப் போகும் வழியில் மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. சந்நிதிக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூஜை, கதவுக்குத்தான் கும்பிடு. மழைக்காலத்தில் ஆற்றின் இரைச்சல் கேட்க அந்தக் கதவின் முன் நிற்பது தனி அனுபவம்.

மறுபடி வத்தலக்குண்டு வந்து, வடக்கே பட்டிவீரன்பட்டி. சென்னையில் பாண்டி பஜார் போகாதவர் யார்? அந்தப் பெயருக்குரிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர், இந்த ஊர்க்காரர். தாண்டிக்குடி, பெரும்பாறை, ஆடலூர் என்று மேலே உள்ள கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களின் காப்பிக்கொட்டை இறங்கிவந்து பதமாகும் ஊரும் இதுதான். கார்த்திகையில் பழம் எடுப்பு தொடங்கிவிடும். களத்தில் காயும் கொட்டையை வெயில் தப்பாமல் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். தூரத்தில் ஒரு இருட்டு தெரிந்தால் போதும், ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்து இழுத்து மூடிவிடுவார்கள். கண்மாய் பெருக மழை வேண்டும், காப்பி காய வெயில் வேண்டும் என்று ஒரே ஊரில் இரண்டு வேண்டுதல்கள்.

அய்யம்பாளையம் தென்னைக்குப் பேர்போனது. அதை ஒட்டிய மருதாநதி அணை 74 அடி. மலையை ஒட்டியே நிற்கும் அணை. மற்ற இடங்களில் மலை தொலைவில் நீலமாகத் தெரியும். இங்கே பாறையும் மரமும் தனித்தனியாகக் கண்ணில் படும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். மேகம் சரிவில் இறங்குவதையும், அது இறங்கிய இடம் கறுப்பதையும், சிறிது நேரத்தில் அந்த மழை தண்ணீர்ப்பரப்பின் மேல் நடந்து நம்மை நோக்கி வருவதையும் கரையிலிருந்தே பார்க்கலாம். அணையின் கரைமேல் எப்போதும் அனுமதி இருக்காது. காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அவர் ‘இன்னிக்கு வேணாங்க, தண்ணி கூட வருது’ என்றால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். கீழே ரோட்டிலிருந்து பார்த்தாலே போதும்.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. சித்தரேவு, சித்தையன்கோட்டை வழியாக ஆத்தூருக்குப் போகும் சாலை. வழிகாட்டிப் புத்தகம் எதுவும் இதைச் சொல்லாது. பார்ப்பதற்கென்று ஒரு பலகையும் கிடையாது. இரண்டு பக்கமும் தோப்பு, வாழை, நெல், இடையிடையே வாய்க்கால். ஆனால் இந்தக் குறுகிய தூரத்துக்குள் ஒரு நீர்ப்பிரிமேட்டைத் தாண்டுகிறோம். மருதாநதியில் விழுந்த மழை மஞ்சளாற்று மழையைப் போலவே தெற்கே வைகைக்குப் போகிறது. பேரணையைத் தாண்டி, மதுரையைத் தாண்டி, மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. அடுத்த மடிப்பில், பெரும்பாறைப் பக்கம் விழுந்த மழையோ புல்லாவெளி அருவியில் குதித்துக் குடகனாறாகி ஆத்தூருக்கு வருகிறது. அங்கிருந்து வடக்கே வேடசந்தூர்ப் பக்கம் ஓடி, அமராவதியில் சேர்ந்து, காவிரிக்குப் போகிறது. ஒரே மேகம்தான். மேலே காற்று கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினால் வைகை, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளினால் காவிரி. பாண்டிய நாட்டு ஆற்றுக்கும் சோழ நாட்டு ஆற்றுக்கும் நடுவில் இவ்வளவு சின்ன மேடுதான் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். வண்டியில் போகும்போது ஏற்றம் என்றே தெரியாது.

அதனால்தான் இங்கே தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொருவர் குரலிலும் சூடு இருக்கும். எந்த வாய்க்காலில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது ஆத்தூர், சித்தையன்கோட்டைப் பக்கத்து ஆயக்கட்டுக்காரருக்கும் கீழே குடகனாற்றை நம்பி இருப்பவருக்கும் நடுவில் நெடுநாள் வழக்கு. டீக்கடையில் கேட்டால் இரண்டு தரப்பும் தங்கள் நியாயத்தை உயிரைக் கொடுத்துச் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் 23.5 அடிதான். இந்த வட்டத்திலேயே குள்ளமான அணை இது. ஆனால் பரப்பு அகலமானது. ஆழம் குறைந்து விரிந்து கிடப்பதால் நிறைந்த ஐப்பசியில் மலையின் முழு வரிசையும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும். ஓரத்துக் கோரைகளில் நாமக்கோழியும் தாழைக்கோழியும் குடும்பத்தோடு மேயும். பட்டுப்போன மரக்கிளையில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகளில் இது முக்கியமானது. அதனால் தின்பண்டப் பையையும் பாட்டிலையும் கரையில் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு ஊரே குடிக்கும் தண்ணீர் அது.

நேரக் கணக்கு முக்கியம். மலை மேற்கிலும் வடமேற்கிலும் இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். பிற்பகலில் மேகம் கூடிவிடும், சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே காலையிலேயே மஞ்சளாற்றை முடித்துவிட்டு, மழை வருவதற்குள் ஆத்தூருக்கு வந்துவிடப் பாருங்கள். உள்சாலைகளில் வாய்க்கால் பெருகி ரோட்டின் குறுக்கே ஓடும் இடங்கள் உண்டு. ஆழம் தெரியாத தண்ணீருக்குள் வண்டியை விடாதீர்கள். உள்ளூர் ஆள் யாராவது தாண்டும்வரை நில்லுங்கள். பெரும் மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் கிளம்பவே வேண்டாம்.

ஆத்தூரிலிருந்து செம்பட்டி பக்கம்தான். அங்கே கிழக்கே போனால் சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளபட்டி, தெற்கே திரும்பினால் நிலக்கோட்டை. நாம் தெற்கே திரும்புகிறோம். இப்போது பழனிமலை முதுகுப் பக்கம் போய்விடும். இடக்கைப் பக்கம் சிறுமலை எழுந்து நிற்கும். அடுத்த வாரம் அந்த மலைக்கு: வாழையும் எலுமிச்சையும் விளையும் சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில்.