தந்தை வழியிலும் வரலாம்

மார்பகப் புற்றுநோயுடன் வரும் பெண்களிடம், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இந்நோய் இருந்ததா என்று நாங்கள் கேட்பதுண்டு. பெரும்பாலோர் தாய், பெரியம்மா, சித்தி, அம்மாவைப் பெற்ற பாட்டி ஆகியோரை நினைவுகூர்வர். அத்தையைச் சொல்வோர் குறைவு. ஆணாகிய தந்தை வழியாக மார்பக நோய் எவ்வாறு வரும் என்பது பலரின் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று.

உயிரணுக்கள் அளவுமீறிப் பெருகாதவாறு தடுக்கும் மரபணுக்கள் சில நம் உடலில் உள்ளன. அவற்றைப் புற்றுக்கட்டியை ஒடுக்கும் மரபணுக்கள் என்கிறோம். ஒவ்வொன்றிலும் நமக்கு இரு படிகள் உண்டு: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒரு படி பழுதுற்றாலும் மற்றது காவல் காக்கும். பழுதுற்ற படியுடன் பிறந்தவர்க்கோ எஞ்சியிருப்பது ஒன்றே. வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அதுவும் பழுதானால், அங்குப் புற்று தொடங்க வாய்ப்பு உண்டாகிறது. அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து 1971-இல் இவ்விளக்கத்தை முன்வைத்தார்.

மார்பகம், சூலகம் ஆகியவற்றைப் பொறுத்தவரை முதன்மையானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பன. முன்னது 1994-இலும் பின்னது 1995-இலும் அடையாளம் காணப்பட்டன. இவற்றுள் ஒன்றில் பிறழ்வுடைய பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரக்கூடும் என்று 2017-இல் வெளியான பெரும் ஆய்வு மதிப்பிட்டது. இவை பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் இல்லை. 17-ஆம், 13-ஆம் குரோமோசோம்களில் உள்ளன. ஆகவே மகனாயினும் மகளாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறழ்வு செல்லும் வாய்ப்பு சரிபாதி. தந்தை நோயின்றியே அதனைத் தம் மகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

இது அயல்நாட்டார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், யூத மக்களிடையே பரவலாக அறியப்பட்ட ஒரு பிஆர்சிஏ1 பிறழ்வு இங்குள்ள நோயாளர் சிலரிடமும் காணப்பட்டது. எனினும் புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரையே பரம்பரை சார்ந்தவை. குடும்பத்தில் ஒருவருக்கு வந்துவிட்டதாலேயே எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை.

பெண்ணின் திருமணம் தடைப்படுமென்று அத்தையின் நோயை மறைக்கும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். அக்கவலையை எள்ளிநகையாட மாட்டோம். ஆனால் மறைப்பதனால் முதலில் பாதிக்கப்படுபவள் அப்பெண்ணே. பிறழ்வு உண்டெனத் தெரிந்தால் 25 வயது முதலே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ மூலம் மார்பகத்தைக் கண்காணிக்கலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களை அகற்றுவது பற்றியும் மருத்துவருடன் கலந்து முடிவெடுக்கலாம்.

இரத்தப் பரிசோதனையை, இயன்றவரை, நோயுற்றவரிடமே முதலில் செய்ய வேண்டும். அவரிடம் பிறழ்வு இன்னதென்று கண்டபின், உறவினரிடம் அதை மட்டும் தேடினால் போதும். நோயுற்றவரை விட்டு நலமாயிருக்கும் மகளுக்கு மட்டும் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால், அதனை முழு ஆறுதலாகக் கொள்ள இயலாது. பிஆர்சிஏ சோதனையைச் சிறுவர்க்குச் செய்வதில்லை. வயது வந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும்.

மரபணு ஆலோசனைக்கு வரும்போது இருவழி உறவினரையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் நோய் கண்டது என்று. தாத்தாவின் உடன்பிறந்தார் வரை எழுதலாம். பழைய அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் உடன் கொணர்க.